அம்மாவுக்கு அடிக்காத மணி

தாத்தா என்று கூப்பிட்டதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார், துண்டைக் கழற்றச் சொன்னதுதான் தஸ்நேவிஸுக்குப் பொறுக்கவில்லை. மணிக்கூண்டின் கதவுக்கு உள்ளே மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர்க்காரியோ, கழுத்தில் அட்டை தொங்கியது. "மேல மோட்டர் சக்கரம் ஓடுது தாத்தா, தொங்குற துணி எதுவும் கொண்டு போகக் கூடாது, இங்கயே வெச்சிட்டுப் போங்க" என்றாள். முன்னால் நின்ற கல்லூரிப் பெண்கள் துப்பட்டாக்களை உருவி அவள் மேசைமேல் குவித்திருந்தார்கள். பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்த அந்தக் குவியலில் தன் துண்டையும் போடுவதாவது. "துண்டு இல்லாம நான் அம்மணமா போணுமாக்கும்" என்றார். "சட்டைதான் போட்டிருக்கீங்களே தாத்தா" என்றாள் அவள், பெண்கள் சிரித்தார்கள். சொந்த ஊரில், ஞானஸ்நானம் வாங்கின கோயிலில், கல்யாணம் முடித்த கோயிலில், வெளியூர்க்காரி உத்தரவு போட வேண்டியிருக்கிறது. துண்டை உருவினார். வைக்க இடமில்லை. கதவுக்குப் பின்னால் கை போன இடத்தில் எதிலோ அதை மாட்டிவிட்டு, இதற்குமேல் இவள் முகத்தில் முழிக்கக்கூடாது என்று திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

படி என்றா சொல்வது இதை. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்ட வேண்டும், சுவரில் ஒட்டினால் சட்டையில் சுண்ணாம்பு. பழுது பார்த்துப் புதுப்பித்து மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டோம் என்று பெரிய தட்டி வைத்திருக்கிறார்களே, புதுப்பித்தவன் இந்தப் படியில் ஒருநாளாவது முழங்கால் வலியோடு ஏறியிருப்பானா. எல்லாவற்றையும் பிடுங்கிப்போட்டு வெள்ளையடித்திருக்கிறான். எத்தனை தலைமுறை மரப்படி, அது போய்விட்டது. கீழே இருந்த தண்ணீர்த் தொட்டி போய்விட்டது. அந்த ஆணியையும் பிடுங்கியிருப்பான், விட்டா வைத்திருப்பான். பிடுங்கினால் நல்லதுதான், அந்த ஆணியால் கெட்டது என் குடும்பம் என்று நினைத்தார். நினைத்ததும் மூச்சு வாங்கியது, நினைப்பிலா படியிலா தெரியவில்லை. மேலேயிருந்து ஒரு பையன் இறங்கி வந்து, "மெதுவா ஏறுங்க, அவசரமே இல்ல" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அவசரம் இல்லையாம். இவனுக்கு எப்படித் தெரியும் அவசரம் உண்டா இல்லையா என்று. காலையில் தட்டில் இட்டிலி வைக்கும்போது பெண்டாட்டி ஞானசெல்வம் சொன்னாள், சட்னிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோல: "பெரிய அத்தானுக்குக் கஞ்சிகூட இறங்கலையாம். நேத்து சாமியார் வந்து கடைசிப் பூசுதல் குடுத்துட்டுப் போயிட்டாராம்." "எனக்கென்ன" என்றார். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லதான், சும்மா காதுல விழுந்ததைச் சொன்னேன்." "காதுல விழுந்தா காதோட வச்சுக்க." அதற்கப்புறம் இட்டிலி இறங்கவில்லை. புளி வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். அவர் எந்தக் காலத்திலும் புளி வாங்கினதில்லை என்பது அவளுக்குத் தெரியும், வாயைத் திறக்காமல் பையை எடுத்துக் கொடுத்தாள். அதுவும் ஒரு எரிச்சல். கொஞ்சம் கேட்டால்தான் என்ன, எங்கே போகிறீர்கள் என்று. கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

வேறு எங்கே போக முடியும். கீழத்தெருவில் என் கால் இனிமேல் படாது என்று அம்மாவின் முப்பதாம் நாள் பூசையன்று, கோயில் வாசலில் வைத்துச் சொன்ன சொல். ஊரே கேட்டுக்கொண்டு நின்றது. இருபது வருசத்துக்கு மேலாகிறது, ஒருநாள் படவில்லை. அப்பா செத்தபோதுகூடக் கோயிலுக்கு வந்தார், கல்லறைக்கு வந்தார், தெருவுக்குள் போகவில்லை. கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தைச் சுற்றித்தான் போவார். ஆனால் மேலே ஏறி நின்று பார்க்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மேலேயிருந்து ஊர் முழுக்கத் தெரிகிறது, வீடு வீடாகத் தெரிகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களே. அண்ணன் கஸ்பார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறதா, ஆட்கள் நிற்கிறார்களா, அதைப் பார்த்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். ஒருத்தனிடமும் வாய் திறந்து கேட்க வேண்டாம். கஸ்பார் இருக்கிறானா என்று கேட்டால் நாளைக்கே ஊரெல்லாம் சொல்லும், தஸ்நேவிஸ் இறங்கிவந்துவிட்டான் என்று. இறங்கவில்லை, ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். பாழாய்ப்போன படி, முடிகிற மாதிரியும் இல்லை.

இந்த ஊரில் சாவை வாயால் போய்ச் சொல்கிற வழக்கம் கிடையாது. செத்த வீட்டிலிருந்து மூத்த பிள்ளை மணிக்கூண்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் ஒரு துணியை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். ஆணுக்குத் துண்டு, பெண்ணுக்குச் சேலைத்தலைப்பில் ஒரு கிழிசல். கோயில்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு அடிப்பார். துண்டு என்றால் ஒற்றை ஒற்றையாக, சேலை என்றால் இரட்டை இரட்டையாக. யாரென்று அவரும் கேட்க மாட்டார், அடித்து முடித்த பிறகு ஊர் வந்து அவரவராக விசாரித்துத் தெரிந்துகொள்ளும். அம்மா போன அன்றைக்கு மூத்தவன் கஸ்பார்தான் மணிக்குக் கிளம்பினான். நீலப் பூப்போட்ட சேலை அது. தலைப்பைக் கிழித்தது தஸ்நேவிஸ். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. பழைய துணி, கிழியும்போது சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, பெருமூச்சு மாதிரி வந்தது. கிழித்து அண்ணன் கையில் கொடுத்தார். கையில் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்து விரலை மூடிவிட்டார். அழுதுகொண்டே போன கஸ்பார், தோளில் கிடந்த தன் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே போனவன், அங்கே போய் எதை மாட்டினான்? ஒற்றை ஒற்றையாக மணி அடித்தது. ஊர் என்ன நினைக்கும்? படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பா போய்விட்டார் என்று நினைத்தது. மாலையோடு வந்தார்கள். பெரியவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், வந்தவள் ஒருத்தி அவர் காலைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள், அவர் "நான் இருக்கேன் தாயி, போனது அவ" என்கிறார். அந்த வீட்டில், அம்மா உள்ளே கிடக்கும்போது, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கினதும் கஸ்பார் முற்றத்தில் நின்று, எல்லோரும் கேட்க, "தம்பி குடுத்தது துண்டுதான், நான் அப்படியே கொண்டுபோய் மாட்டினேன்" என்றான்.

தஸ்நேவிஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஏறிவந்த கூட்டம் நின்றது. "என்ன தாத்தா, டிராபிக் ஜாம் பண்ணிட்டீங்க" என்றது ஒரு குரல். "தாண்டிப் போங்க, நான் என்ன செங்கச் சுவரா" என்றார். தாண்டிப் போனார்கள், வேர்வை நாற்றமும் பவுடர் வாசனையுமாக. அண்ணன் சொன்னதுகூடப் பெரிதில்லை. அப்பா சொன்னதுதான். சின்னவனுக்கு எப்பவும் பராக்குத்தான் என்றார். அப்படியே நம்பிக்கொண்டு செத்தும் போனார். அவர் செத்தபோது துண்டு மாட்டி மணியடித்தால் பாதிப் பேர் நம்பவில்லை, போன தடவையும் இவருக்குத்தானே அடித்தார்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு மறுபடி இரட்டை அடிக்கச் சொல்லிக் கேட்டதற்கு அப்போதிருந்த சாமியார், ஒரு சாவுக்கு ஒரு மணிதான், அடித்தது அடித்ததுதான் என்றுவிட்டார். ஆக அம்மாவுக்கு மணியே இல்லை. ஊரில் எவளெவளுக்கோ இரட்டை அடிக்கிறது, ஒவ்வொன்றையும் எண்ணிப் பொருமியிருக்கிறார். இதெல்லாம்கூட விட்டுவிடலாம். கல்லறையில் குழிக்குள் மண் போடும்போது கஸ்பார் கைக்குட்டை எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டான், கூடவே நீலமாக ஒன்று வெளியே வந்தது. நீலப் பூ. எடுத்த வேகத்தில் உள்ளே திணித்தான். திணித்துவிட்டு நிமிர்ந்தான். தம்பி பார்த்துவிட்டதைப் பார்த்தான். அந்த ஒரு பார்வைதான். அதைத்தான் இத்தனை வருசமாக வைத்துக்கொண்டிருக்கிறார், வேறு எதை. ஒருநாள் சொல்வான், கேட்க நாலு பேர் இருக்கும்போது சொல்வான், டேய் அன்னைக்கு மாட்டினது நான்தான் என்று. முற்றத்தில் சொன்ன பொய்க்கு முற்றத்திலேயே ஒரு வார்த்தை. அது போதும். இப்போது கஞ்சி இறங்கவில்லையாம். சொல்லாமலே போய்விடுவான். போய்விட்டால் அந்த நீலத் துணியைப் பற்றித் தெரிந்த ஆள் உலகத்தில் தான் ஒருத்தன்தான். எழுந்து மிச்சப் படியை ஏறினார்.

மேலே காற்று முகத்தில் அறைந்தது. நடுவில் ஆளுயர மணி தொங்குகிறது, சுற்றிலும் கம்பி போட்ட வராந்தா, கம்பியோரம் முழுக்க ஜனம். ஊர் தெரிகிறது என்று சும்மா சொல்லவில்லை. கிழக்கே கடல், துறைமுகத்தில் மூன்று கப்பல், அவர் வின்ச் ஓட்டின காலத்தில் இல்லாத பெரிய பெரிய கிரேன்கள், தெற்கே உப்பளம் வெள்ளை வெள்ளையாக, அதற்கப்பால் அனல்மின் நிலையத்துப் புகை. கைக்கு எட்டுகிற எழுத்து அவருக்குத் தெரியாது, மூணாங்கிளாஸோடு நின்றவர், இப்போது கண்ணாடியும் உடைந்து கிடக்கிறது. ஆனால் தூரத்துக் கப்பலில் கொடிக்கயிறு அவிழ்ந்திருந்தால் சொல்வார். இன்றைக்கு அந்தக் கண்தான் வேண்டும். கீழத்தெருப் பக்கம் போய் நிற்கலாம் என்றால் அங்கேதான் ஒரு ஜோடி கம்பியில் சாய்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது. "சார், ஒரு போட்டோ எடுங்களேன்" என்று போனைக் கையில் திணித்தான் அந்தப் பையன். எடுத்தால்தான் நகருவான் போலிருக்கிறது என்று அமுக்கினார். வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க கட்டைவிரல் மட்டும் நல்லா விழுந்திருக்கு சார்" என்றான். "விரலு எனக்குச் சொந்தம், வேணும்னா வச்சுக்க" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நகர்ந்தார்கள்.

வேதக்கோயில், பள்ளிக்கூடம், ஐஸ் கம்பெனி, அதை ஒட்டித் திரும்பினால் கீழத்தெரு. மேலேயிருந்து பார்த்தால் எவ்வளவு சின்னத் தெரு. ஒரு வீச்சில் நடந்துவிடலாம் போலிருக்கிறது. இதைச் சுற்றிக்கொண்டா இத்தனை வருசம் கடற்கரைக்குப் போனோம் என்று வந்தது, வந்ததை உடனே தள்ளினார். மாடியில் மூடி உடைந்த பச்சைத் தொட்டி, அதுதான் வீடு, அப்பா கட்டின வீடு. மூடியை அப்போதே மாற்றச் சொன்னார், இன்னும் மாற்றவில்லை. பந்தல் இல்லை. பந்தல் இல்லை, ஆனால் வாசலில் நாற்காலி போட்டிருக்கிறது. சிவப்பு நாற்காலிகள், ஒன்றல்ல, ஐந்தாறு. நாற்காலி எதற்கு? பார்க்க வந்தவர்களுக்காக இருக்கும். பார்க்க வந்தவர்கள் உள்ளே போய் உட்கார மாட்டார்களா, வாசலில் எதற்கு? வாசலில் நாற்காலி போடுவது எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் அதில் உட்காரவில்லை. இப்போதுதான் இறக்கியிருக்கிறார்கள் போலும். அண்ணன் மகன் கிளிட்டஸ் எங்கே? அவன்தானே துண்டோடு வர வேண்டும். தெருவைக் கண்ணால் அளந்தார். மீன்காரி ஒருத்தி, சைக்கிள் ஒன்று, வேறு இல்லை. ஒருவேளை அவன் வந்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானோ. படியில் உட்கார்ந்திருந்த நேரத்தில்.

அப்போதுதான் கயிறு அசைந்தது. மணியிலிருந்து தரையில் உள்ள ஓட்டை வழியாகக் கீழே போகிற கயிறு. பூசைக்கு மோட்டர் அடிக்கும், துக்கத்துக்கு மட்டும்தான் இன்னும் கையால் இழுப்பது. கயிறு விறைத்தது, இறங்கியது, மணி ஒரு பக்கமாகச் சாய்ந்து அடித்தது. காலடியில் கல் அதிர்ந்தது. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள், போன்களெல்லாம் மணியைப் பார்த்துத் திரும்பின. தஸ்நேவிஸ் காதைப் பொத்தவில்லை. அடுத்ததுக்குக் காத்திருந்தார். உடனே வந்தால் இரட்டை, யாரோ ஒரு பெண், யாராவது ஒரு பெண். வரவில்லை. வரவில்லை. முதல் சத்தம் உப்பளம்வரை போய்த் தேய்ந்து அடங்கினது. அதற்கப்புறம் வந்தது, ஒற்றையாக. முதலில் வந்தது ஆத்திரம்தான். போய்விட்டான் பாவி, சொல்லாமலே போய்விட்டான், எமகாதகன், எப்படியும் தப்பிப்பான் என்று தெரியும். மூன்றாவது அடிக்கு ஆத்திரம் எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கை கம்பியை விடவில்லை. சின்ன வயதில் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கவைத்து, விட மாட்டேன் பயப்படாதே என்று சொல்லிவிட்டு விட்டவன். விட்டுவிட்டு, முங்கினதும் முடியைப் பிடித்துத் தூக்கினவன். ரெண்டையும் அவன்தான் செய்தான். இனி யாரோடு பேசாமல் இருப்பது?

ஊர் மணியைக் கேட்டுவிட்டது. மேலேயிருந்து தெரிந்தது, மாடிமாடியாகப் பெண்கள் வந்து நின்று இந்தப் பக்கம் பார்க்கிறார்கள், ஐஸ் கம்பெனி ஆட்கள் வெளியே வந்து தொப்பியைக் கழற்றுகிறார்கள். பச்சைத் தொட்டி வீட்டிலும் கதவு திறந்தது. முதலில் கிளிட்டஸ் வந்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, லுங்கியும் பனியனுமாக, எலும்பாக, ஒரு ஆள். வாசற்படியில் நின்று, கழுத்தை இடது பக்கம் சாய்த்து, நெற்றிக்கு மேலே கையைக் குடைபிடித்து மணிக்கூண்டைப் பார்த்தது. அப்படிச் சாய்த்துப் பார்க்கிற கழுத்து உலகத்தில் ஒன்றுதான். நாலாவது அடி அடித்தது. கஸ்பார் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான். செத்தவனுக்காக. யார் செத்தவன்? இருக்கிறானே. நிற்கிறான், ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரக்கூடச் செய்கிறான். பாவிப்பயல், நன்றாகத்தான் இருக்கிறான், கஞ்சி இறங்கவில்லை என்று வதந்தி. அப்படியானால் மணி யாருக்கு? மாசிலாமணி வாத்தியாரா, மெக்கானிக் ரொசாரியோவா. கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை, முகத்தைத் துடைக்கத் தோளுக்குக் கையைக் கொண்டுபோனார். துண்டு இல்லை. தோளில் துண்டு இல்லை. கதவுக்குப் பின்னால் கை போன இடத்தில். கை ஏன் அங்கே போனது, அங்கே என்ன இருக்கும் என்று கைக்கு எப்படித் தெரியும். வெள்ளையடித்துவிட்டுப் போன கடன்காரன் எல்லாவற்றையும் பிடுங்கினவன் அதை மட்டும் பிடுங்கவில்லை.

இறங்கினது எப்படியென்று தெரியாது. கீழே கோயில்பிள்ளை மிக்கேல்பிச்சை கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் செபத்தோடு, கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். "நிறுத்தும்வே" என்றார் தஸ்நேவிஸ். கண்ணைத் திறக்காமல், "பாதியில நிறுத்தக் கூடாது" என்றார் அவர். "ஓய், அது என் துண்டுவே." மிக்கேல்பிச்சை ஒரு கண்ணைத் திறந்தார். துண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஒம்ம வீட்டுல யாரு?" "ஒருத்தரும் இல்ல. நான் சும்மா மாட்டினேன்." "சும்மா மாட்டுற ஆணியாவே அது?" அட்டை போட்ட பெண் எழுந்து நின்று, "நான்தான் சார் வைக்கச் சொன்னேன், ஏன், என்ன ஆச்சு" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகல தாயி, ஒரு ஆளைக் கொன்னுட்டோம்" என்றார் கோயில்பிள்ளை. வாசலில் அதற்குள் கூட்டம். அதை விலக்கிக்கொண்டு பைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தான் கிளிட்டஸ். வந்தவன் தஸ்நேவிஸைக் கண்டதும் நின்றான். மேலும் கீழுமாகப் பார்த்தான். "சித்தப்பா" என்றான். கூப்பிட்டு எத்தனை வருசம். "என்னடே?" "ஒண்ணுமில்ல. அப்பா படுக்கையிலருந்து எந்திச்சு வந்துட்டாவ, மணி கேட்டு. ஒங்க வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வான்னு வெரட்டினாவ. சித்தப்பனா இருக்கும்னு." 

"நான் எதுக்குடே சாவணும்" என்றார் தஸ்நேவிஸ். "யாருக்கு மணின்னு கேட்டா என்ன சொல்ல?" என்றான் கிளிட்டஸ். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ ஒண்ணு சொல்லுவ, உங்கப்பன் ஒண்ணு சொல்லுவான், நாளைக்கு ஊர் வேற ஒண்ணு சொல்லும். நானே வந்து சொல்லுதேன்." துண்டை ஆணியிலிருந்து உருவினார். பைக்கில் ஏறச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். வழியெல்லாம் "யாருக்கு அண்ணாச்சி மணி" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எவனுக்கும் இல்ல, வேலையப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். போய் நின்று எப்படிச் சொல்வது என்பதைத்தான் நினைத்துக்கொண்டு போனார். நறுக்கென்று சொல்ல வேண்டும். நான் மாட்டினதை நான் மாட்டினேன் என்று சொல்லுகிறேன் பார், நாலு பேர் முன்னால் சொல்லுகிறேன் பார், இப்படித்தான் சொல்வது என்று காட்ட வேண்டும். ஐஸ் கம்பெனி திரும்பினது எப்போது, கீழத்தெருவில் கால் பட்டது எப்போது என்று அவர் கவனிக்கவில்லை.

வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். கஸ்பார் நாற்காலியில் சரிந்து கிடந்தார். கிட்டத்தில் பார்த்தால் கஞ்சி இறங்காதது உண்மைதான் என்று தெரிந்தது. கண் மட்டும் தம்பியின் முகத்தில் ஆரம்பித்துக் கையிலிருந்த துண்டுக்குப் போனது, அங்கேயே நின்றது. "யாருக்குடே?" என்றார், மூச்சு வாங்கியபடி. "எவனுக்கும் இல்ல. இந்தத் துண்டு என்னது. ஆணியில மாட்டினது நான். நான்தான்" என்றார் தஸ்நேவிஸ், உரக்க, எல்லோருக்கும் கேட்க. யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் கொஞ்ச நேரம் மணிக்கூண்டுப் பக்கம் பார்த்தார், கழுத்தை இடது பக்கம் சாய்த்து. உதடு இரண்டு தடவை அசைந்தது. "அந்த ஆணி இருக்கிற எடம் சரியில்லடே" என்றார். "கண்ணுல தண்ணியோட போறவனுக்குக் கையில எது இருக்கு, தோள்ல எது இருக்குன்னு எங்க தெரியுது. அன்னைக்கும் தெரியல." அன்னைக்கும் என்ற சொல்லைக் கேட்டுப் பத்துப் பேரும் தஸ்நேவிஸ் பக்கம் திரும்பினார்கள். கிளிட்டஸ் அப்பாவைப் பார்த்தான். கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு, "அவனுக்கு ஒரு நாற்காலி போடு" என்றார்.

இவ்வளவுதானா. இருபது வருசத்துக்கு இவ்வளவுதான். இப்போதும் பழி ஆணிமேல்தான். நான் மாட்டினேன் என்று முழுசாக ஒரு வார்த்தை வாயில் வருகிறதா பார். தஸ்நேவிஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு கால் குட்டை, ஆடியது. இந்த வீட்டில் ஒரு சாமானாவது ஒழுங்காக இருந்தால்தானே என்று, ஆடாமல் இருக்கத் தரையில் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டார்.